கிறிஸ்துமஸ் தாத்தா

டிசம்பர்த் திங்களில் பெங்களூர்க் கடைவீதிகளில் செல்வோர், செவ்வங்கியும் வெண்தாடியும் பூண்ட ஒரு முதியவரின் உருவத்தைக் காணாதிருத்தல் அரிது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவரைத் 'தந்தை' என்றனர். தமிழராகிய நாமோ 'தாத்தா' என்று உறவு கொண்டாடுகிறோம். மடியில் தின்பண்டம் முடிந்து வரும் உரிமை நம் வீடுகளில் தாத்தாவுக்கு உரியதன்றோ!

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது. கன்னட மக்கள் 'தண்டு' என வழங்கிய அப்பாசறையைச் சார்ந்து தமிழர் பலர் குடியேறினர். சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் இன்றும் தமிழில் திருப்பலி நடைபெறுகிறது. ஆகவே, இத்தாத்தா யார் என வினவுவது இந்நகரத் தமிழர்க்குப் புறம்பான ஆராய்ச்சி அன்று.

நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மைரா நகரில் ஆயராக விளங்கியவர் நிக்கோலஸ். அவரைப் பற்றிய கதைகளுள் ஒன்று தலைசிறந்தது. செல்வம் இழந்த ஒருவருக்கு மூன்று பெண் மக்கள். சீர் கொடுத்து மணமுடிக்க வழியில்லை. இழிந்த வாழ்வே அவர்களை எதிர்நோக்கியிருந்தது. நள்ளிரவில் நிக்கோலஸ் பொன்முடிப்பு ஒன்றைச் சாளரத்தின் வழியே உள்ளே இட்டுச் சென்றார். மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தது. மூன்றாம் முறை விழித்திருந்த தந்தை அவரைக் கண்டுகொண்டபோது, 'எவரிடமும் உரைக்க வேண்டா' என்று வேண்டினாராம்.

இக்கதை ஐரோப்பாவெங்கும் பரவியது. டச்சுக்காரர் அவரைச் 'சின்டர்கிளாஸ்' என்றனர். அச்சொல்லே அமெரிக்காவில் 'சாண்டா கிளாஸ்' ஆயிற்று. 1823-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கவிதை, அவரைக் கலைமான்கள் இழுக்கும் வண்டியில் ஏற்றிப் புகைபோக்கி வழியே வீட்டினுள் இறக்கியது. ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அக்கவிதையைக் கிளமென்ட் மூர் 1844-இல் தம் தொகுப்பில் சேர்த்தார். ஹென்றி லிவிங்ஸ்டனே அதன் ஆசிரியர் என்பாரும் உளர். 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் அவருக்குப் பருத்த உடலும் பொலிந்த தாடியும் அளித்தார்.

இவ்வளர்ச்சியில் ஒரு மாற்றத்தை நாம் காண்கிறோம். நிக்கோலஸின் பொன் வறியவர் வீட்டுச் சாளரத்தைத் தேடிச் சென்றது. சாண்டாவின் பரிசோ பெரும்பாலும் நம் வீட்டுக் குழந்தையையே நாடி வருகிறது.

நம் இலக்கியத்திலும் கொடையாளர் உளர். சிறுபாணாற்றுப்படை எழுவரைப் போற்றுகிறது. அவருள் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். மயிலும் முல்லையும் நன்றி நவில அறியா. அதனை அவ்வள்ளல்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் அவர்தம் புகழைப் புலவர் பாடினர். நிக்கோலஸோ இருளையே துணைக்கொண்டார். பெற்றவர் நாணாதிருக்கும் பொருட்டுக் கொடுத்தவர் மறைந்துகொண்டார் என்பதே அக்கதையின் உயிர்.

இன்றோ ஏழைச் சிறுவரை மேடையேற்றி, கொடுப்பவர் பெயரைப் பெரிதாக எழுதி, புகைப்படக் கருவியின் முன் பரிசு வழங்குகிறோம். அப்பரிசு பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஆனால் அதனைப் பெறும் குழந்தை தலைகுனிய நேரின், கொடுத்த பொருளினும் பறித்த பொருள் பெரிது. எந்தச் சமயத்தாராயினும், பண்டிகை நாளில் ஒரு கொடையையேனும் பெயர் கூறாமல் அளித்துப் பார்ப்போமாக.