படம் ஆவதற்கு முன்



ரோகித் வெமுலா, 2016. சேலத்து முத்துக்கிருஷ்ணனும் அரியலூர் அனிதாவும், 2017. பாயல் தத்வி, 2019. இந்தப் படங்கள் நம் அரங்குகளில் வரிசையாக இருக்கின்றன. மாலை போடுகிறோம், முழக்கமிடுகிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மாணவர் இதிலிருந்து என்ன புரிந்துகொள்கிறார்? உயிரோடு இருக்கும்வரை என்னை யாரும் கேட்கவில்லை, செத்தால் ஊரே கேட்கும் என்றா? அப்படிப் புரிந்துகொள்ள நாம் இடம் தரக் கூடாது.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய பாபாசாகேப், பரோடாவில் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டார். ரயில் வரும்வரை ஒரு பொதுப்பூங்காவில் உட்கார்ந்து, தாய் தந்தையை நினைத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். அப்போது அந்த இருவருமே உயிரோடு இல்லை. அவமானம் மனதை என்ன செய்யும் என்பதை அவர் மறைக்கவில்லை. நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. சில ஆலோசகர்கள் சாதியை விட்டுவிட்டு, "நீதான் அனுசரித்துப் போகணும்" என்கிறார்கள். நம்மில் சிலரோ, "இதெல்லாம் வசதியானவங்க வியாதி, போராட்டத்துக்கு வா, சரியாயிடும்" என்கிறோம். "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கும் வகுப்பறை, மாதக்கணக்கில் வராத உதவித்தொகை, புரியாத ஆங்கிலம். தினமும் இதற்கு எச்சரிக்கையாகவே இருக்கும் உடம்பு ஒருநாள் தூக்கத்தை இழக்கிறது, சோற்றை வெறுக்கிறது. தீ வைத்தவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதுவரை தீப்புண்ணுக்கு மருந்து போடாமல் இருக்க முடியுமா?

மருந்து கேட்பது சலுகை அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சாதிப் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல் பராமரிக்க வேண்டும் என்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடில்லாமல் நடத்த ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும் சொன்னது.

மாணவர்களே, உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் இருக்கிறாரா என்று எழுதிக் கேளுங்கள். அவரிடம் சொல்வது துறைத் தலைவர் காதுக்குப் போகாது என்ற உறுதியையும் கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு வாரம் ஒருமுறையாவது ஆலோசகர் வர வேண்டும் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் உணவுக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு யாரும் இல்லையென்றால் 14416 என்ற எண் இருக்கிறது. டெலிமானஸ், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் சாதியைப் பற்றிப் பேசும்போது மருத்துவர் காது கொடுக்கவில்லையென்றால் மருத்துவரை மாற்றுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

தோழர்களுக்கு ஒன்று. சாதிப் பெயரோடு "கிறுக்கு" என்ற பெயரும் சேர்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் மருத்துவமனை வாசல்வரை வந்து திரும்புகிறார்கள். அங்கே கூடப் போக ஓர் ஆள் வேண்டும். காவல் நிலையத்துக்குக் கூடப் போக நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகவும் ஒவ்வொரு அமைப்பும் இரண்டு பேரைத் தயார் செய்யட்டும். சந்தேகம் வந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல வழி கிடைக்கும். "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

கற்பி என்றால், துயரத்துக்குப் பெயர் சொல்லக் கற்பிப்பதும்தான். ஒன்றுசேர் என்றால், ஒருவர் தளரும்போது பக்கத்தில் உட்கார்வதும்தான். நம் பிள்ளைகள் படிக்கட்டும், சண்டை போடட்டும், காதலிக்கட்டும், வயதாகட்டும். இந்தச் சுவரில் இன்னொரு படத்துக்கு இடம் வேண்டாம்.

ஜெய்பீம்.