கவலையும் ஆவலும்



ஆங்கிலத்தில் 'ஆங்க்ஷஸ்' என்றொரு பெயரடை உண்டு. அகராதியைப் புரட்டினால் 'கவலையுள்ள' என்று ஒரு பொருளும், 'ஆவல் மிக்க' என்று மற்றொரு பொருளும் காணப்படும். கவலை எங்கே, ஆவல் எங்கே? ஒரு சொல் இவ்விரண்டையும் சுமப்பது எங்ஙனம் என்று நீங்கள் வினவலாம்.

அச்சொல்லின் பிறப்பை நோக்கினால் ஐயம் பாதி தீரும். நெரித்தல், இறுக்குதல் என்னும் பொருளுடைய 'அங்கெரே' என்ற இலத்தீன் வினையே அதன் வேர். மனவேதனையைக் குறிக்கும் 'ஆங்குவிஷ்' என்பதும், அச்சத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லாகிய 'ஆங்ஸ்ட்' என்பதும் இதற்கு உறவினவே. நாமும் 'நெஞ்சை அடைக்கிறது' என்கிறோம் அல்லவா? (பேரச்சமென்றால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும், அது வேறு.) வரவிருப்பது இன்னதென்று தெரியாதபோது நெஞ்சு இறுகுகிறது. அஞ்சுவதை எண்ணினாலும் இறுகும். பெரிதும் விழைவதை எண்ணினாலும் இறுகும்.

எப்பொருள் என்பதை அடுத்து வரும் சொல் காட்டிவிடும். 'அபௌட்' வந்தால் கவலை. 'டு' என்பதும் ஒரு வினையும் தொடர்ந்தால் ஆவல். 'ஃபார்' இரண்டு பக்கமும் சாயும். இடம் நோக்கியே கொள்ளவேண்டும்.

தந்தி வழக்கிலிருந்த நாளில் (நம் நாட்டில் அது 2013இல் நின்றுபோயிற்று) விடுதி மாணவனொருவனுக்கு 'மதர் ஆங்க்ஷஸ் டு சீ யூ' என்ற வாசகம் வந்தது. தாயார் நிலை கவலைக்கிடம் என்று கொண்டு அவன் தேம்பி அழலானான். நான் 'டு'வைச் சுட்டிக்காட்டி, "அன்னை உன்னைக் காணத் துடிக்கிறார், அவ்வளவே" என்றேன். மறுவாரம் முறுக்குப் பொட்டலத்துடன் திரும்பினான். சொல்லுக்குச் சொல் கட்டணம் செலுத்தவேண்டிய தந்தியில் அச்சிறு சொல்லை விடாது எழுதிய அவன் தந்தையாரை இன்றும் மெச்சுகிறேன்.

ஆவல் என்னும் பொருளில் இதனை வழங்கலாகாது என்று கண்டிப்போரும் உளர். 18ஆம் நூற்றாண்டு தொட்டே ஆங்கிலேயர் அங்ஙனம் எழுதிவருதலின், அக்கண்டிப்பை நான் ஏற்பதில்லை. ஆயினும் 'ஈகர்' என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருவிழாவுக்குப் புறப்படும் சிறுவன் 'ஈகர்'. அவனிடம் வெறும் மகிழ்ச்சிதான். அந்த அன்னையோ 'ஆங்க்ஷஸ்'. மகன் வாராமற் போய்விடுவானோ என்ற துளி அச்சம் அவ்வாவலில் கலந்திருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'ஈகர்' என்றெழுதுவதே நன்று. படிப்போர் உங்கள் அச்சத்தை அறியவேண்டியதில்லை.

உச்சரிப்பு பற்றியும் ஒரு சொல். பெயரடையில் ககரம் ஒலிக்கும். 'ஆங்ஸையட்டி' என்னும் பெயர்ச்சொல்லில் அது மறைந்துவிடும். 'ஆங்க்ஷைட்டி' என்பது நம் வகுப்பறைகளில் மட்டும் வாழ்வது.