கதவுக்குள் இருக்கும் துரு

மலையடிவாரத்து ஊர்களில் ஜீப் வண்டிக்குத் தனியொரு மதிப்பு உண்டு. உர மூட்டையும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு, பிற வண்டிகள் தயங்கும் வண்டிப்பாதையிலும் அது துணிந்து செல்லும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த இவ்வண்டியை நம் நாட்டில் 1947 முதல் மகேந்திரா நிறுவனத்தார் இணைத்து விற்கலாயினர். போர்க்களத்து ஜீப்புக்கு இரும்புக் கதவு கிடையாது. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சிய நாம், பின்னாளில் நம்மூர்ப் பட்டறைகளிலேயே பல வண்டிகளுக்குத் தகட்டுக் கூடும் கதவும் அமைத்துக்கொண்டோம். கதவு வந்தது, கூடவே துருவும் வந்தது.

இலத்தூரில் என்னிடம் அத்தகைய பழைய வண்டி ஒன்று உண்டு. அதன் இரு கதவுகளையும் சென்ற பங்குனியில் கழற்றிச் செப்பனிட்டபோது கண்டவற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

கதவின் அடிப்புறத்தில் வர்ணம் அங்கங்கே கொப்புளித்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அவ்விடத்தில் பட்டி பூசி, மேலே வர்ணம் அடித்துத் தந்திருந்தார்கள். இம்முறை வேலைக்கு வந்த முதிய ஆசாரி, திருப்புளியின் முனையால் ஒரு கொப்புளத்தைத் தொட்டார். முனை உள்ளே போய்விட்டது. "அண்ணாச்சி, மேலே அடித்தால் ஓர் ஆடி தாங்கும். தோண்டினால் செலவு. கீல் பக்கமும் போயிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். கீலைத் தாங்கும் தகடு இற்றுப்போனால், மலைப்பாதை வளைவில் கதவு தானே திறந்துகொள்ளும். ஓரத்தில் அமர்ந்திருப்பது குழந்தையாகவும் இருக்கலாம் அல்லவா? தோண்டுவதென்றே முடிவாயிற்று.

துரு வெளியிலிருந்து உள்ளே போவதாகவே நம்மிற் பலர் எண்ணுகிறோம். கதவைப் பொறுத்தவரை பெரும்பாலும் நேர்மாறு. கண்ணாடி இறங்கும் பிளவின் வழியே மழைநீர் கதவின் வயிற்றுக்குள் செல்வது இயல்பு. அது வெளியேறவே அடிவிளிம்பில் சிறு துளைகள் விடுவார்கள். எங்கள் வண்டியில் அத்துளைகளைப் புழுதியும் உமியும் அடைத்திருந்தன. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை வீசும் சாரல் குற்றாலத்துக்குப் பெருமை. கதவுக்கோ அதுவே பகை. பெருமழை கழுவிவிட்டுப் போய்விடும். சாரலோ, உள்ளிருக்கும் சேற்றை நாள்தோறும் நனைத்துக்கொண்டே இருக்கும். நீரும் காற்றும் சேர்ந்து இரும்பைத் துருவாக்கும்போது, அது முன்னிருந்ததைப்போல் இருமடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கிறது. வர்ணம் கொப்புளிப்பது அதனால்தான். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் நாளில் தகடு உள்ளே பாதி தின்னப்பட்டிருக்கும்.

அடிப்பகுதியை நான்கு விரற்கடை உயரத்துக்கு அறுத்தெடுத்தோம். ஓட்டைமேல் தகட்டை ஒட்டுப்போடும் வழக்கத்தை ஆசாரி ஏற்கவில்லை. இரு தகடுகளுக்கும் இடைப்பட்ட சந்து நீரைத் தேக்கும் என்பது அவர் வாதம், அது சரியே. விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஒரு புள்ளி இங்கும் ஒரு புள்ளி அங்குமாகப் பற்றவைத்து, இடையிடையே ஆறவிட்டார். ஒரே மூச்சில் பற்றவைத்தால் மெல்லிய தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும்.

பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்துத் தூளைப் பறக்கவிடாமல், நீர் விட்டுத் தேய்ப்பதும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், பிள்ளைகளை அப்பால் அனுப்புவதும் நல்லது.

சுரண்டிய பின்னும் குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த நீர்மத்தைத் தடவுகிறார்கள். துரு கறுத்து, இரும்புப் பாஸ்பேட்டாக மாறிப் படிகிறது. தில்லி மெக்ராலியில் நிற்கும், ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழமையான இரும்புத்தூணின் மேலும் பாஸ்பேட்டுப் படலம் ஒன்று இருப்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். அத்தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. நம் கதவுத் தகட்டுக்கு அந்தப் பேறு இல்லை; புட்டியிலிருந்துதான் ஊற்றவேண்டும்! துருவைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர்க்கு, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் மாநிலத்திலேயே உள்ளது.

பின்னர் செங்காவி நிறப் பிரைமர் இருமுறை, பள்ளம் உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய பட்டி, அதன்மேல் வர்ணம். பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எனவே அதை வெற்றுத் தகட்டின்மேல் பூசி அப்படியே விடலாகாது. வர்ணம் அடிக்கும் நாளையும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும். ஈரக்காற்றில் தின்னர் விரைந்து ஆவியாகும்போது பூச்சுக் குளிர்ந்து, அதன்மேல் நீர் படிந்து, பாலாடைபோல் வெளுத்துவிடும். காற்று எழும் முன், பங்குனி, சித்திரைக் காலை வேளையே எங்கள் பக்கத்துக்கு ஏற்றது.

வெளிப்புறம் பளபளத்ததும் வேலை முடிந்ததென்று கூலி கொடுத்துவிடுகிறோம். உட்புறத்துக்கும் மெழுகுச் சேர்மத்தைப் பீய்ச்சவேண்டும். சிலர் கழிவு எஞ்சின் எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது ரப்பர்ப் பட்டையை உப்பவைத்துக் கெடுக்கும்.

முதற்சாரல் விழும் நாளில் கதவின் அடியிற் குனிந்து பாருங்கள். துளைகளிலிருந்து நீர் சொட்டவேண்டும். சொட்டாவிடில், ஒரு மெல்லிய குச்சியை விட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள். கம்பி வேண்டாம், புதுப் பூச்சைக் கீறிவிடும்.