பள்ளியும் மனை விலையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீடு தேடுவோர் முன்னாளில் கிணற்று நீரின் சுவையை வினவினர். இந்நாளில் அருகிலுள்ள பள்ளியின் பெயரை வினவுகின்றனர். நல்ல பள்ளி உள்ள இடத்தில் மனை விலை உயர்கின்றது என்பது கண்கூடு. ஆயின், பள்ளியால் விலை உயர்ந்ததா, அன்றி வசதியுடையோர் குடியேறியமையால் பள்ளியும் விலையும் ஒருங்கே உயர்ந்தனவா என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று.

இதற்கு ஒரு வழி கண்டவர் சாண்ட்ரா பிளாக் என்னும் பொருளியல் அறிஞர். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்துள்ளனர். எல்லைக்குள் வாழ்வோரின் பிள்ளைகளுக்கே அங்கு இடம். பாஸ்டனைச் சூழ்ந்த புறநகர்களில், எல்லைக் கோட்டின் இருபுறமும் அடுத்தடுத்து நிற்கும் வீடுகளை அவர் ஒப்பிட்டார். சுற்றுப்புறம் ஒன்றே, பள்ளி மட்டும் வேறு. 1999ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வின்படி, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு மிகுந்த பள்ளிக்கு உரிய வீட்டின் விலை ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு மிகுந்திருந்தது. எல்லையோர வீடுகளை மட்டும் கொள்ளாது, வழக்கமான முறையில் கணக்கிட்டபோது அவ்வேறுபாடு ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றிற்று. பள்ளியின் சிறப்பென நாம் எண்ணி மகிழ்வதில் பாதியளவு அயலாரின் செல்வச் சிறப்பே போலும்!

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும், தொடக்கப் பள்ளியில் இடம் போதாதபோது, ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கு முன்னுரிமை தருகின்றனர். அங்கும் முகவரிக்கு ஒரு விலை உண்டு.

நம் சைனிக்புரியின் நிலை சற்று வேறானது. பெயருக்கேற்பப் படையினருக்காக எழுந்த குடியிருப்பு இது. ஊர் ஊராக மாற்றப்படும் படையினர், அரசு ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளை மனத்திற்கொண்டு 1963இல் தொடங்கப்பெற்ற மத்தியப் பள்ளிகளே இன்றைய கேந்திரிய வித்யாலயங்கள். அவற்றில் இடம் கிடைப்பது பெரும்பாலும் பெற்றோரின் பணியைப் பொறுத்தது, மனையைப் பொறுத்ததன்று. பின்னர், 1967இல் மின்னணுக் கழகமாகிய ஈ.சி.ஐ.எல். அமைந்தது. அறிவியலாரும் பொறியாளரும் அயலில் குடியேறினர், ஏ.எஸ். ராவ் நகர் அக்கழகத்தை நிறுவிய அறிஞரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பவன்ஸ் இராமகிருஷ்ண வித்யாலயம் போன்ற கட்டணப் பள்ளிகளும் இங்குப் பெயர் பெற்றன.

இங்கே எல்லைக் கோடு இல்லை. காப்ராவிலிருந்தும் நேரேட்மெட்டிலிருந்தும் பள்ளி வண்டியில் வரலாம். எனினும், காலையில் அரைமணி நேரம் மிச்சமாகும் என்பதற்காகவே அண்மையை விரும்பாத தாய் யார்? ஆகவே, குடும்ப வருவாயின்மேல் இருமுறை கை வைக்கப்படுகின்றது: கட்டணமாக ஒருமுறை, வாடகையாக மறுமுறை. சொந்த வீடுடையோருக்குப் பள்ளியின் புகழ் ஆதாயம். வாடகைக்கு இருப்போருக்கு அதே புகழ் சுமை. இருதிறத்தாரும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றீர்கள்.

1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக் குழு, எல்லாப் பிள்ளைகளும் அருகிலுள்ள பொதுப் பள்ளியிலேயே பயில வேண்டும் என்று பரிந்துரைத்தது. சீரிய கருத்து. ஆனால் பள்ளிகள் ஏற்றத்தாழ்வோடு இருக்கையில் அதனை நடைமுறைப்படுத்தினால், ஒழிந்த கட்டணம் வாடகையின் வடிவில் திரும்பி வரும். பாஸ்டன் காட்டுவது இதுவே. ஒரு பள்ளி மட்டும் உயர்ந்தால் பயன் பக்கத்து மனைக்காரருக்கு. சுற்றியுள்ள பள்ளிகள் பலவும் உயர்ந்தால்தான் அண்மைக்கென்று தனி விலை இராது.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியரும் பொறியாளரும் நம்மிடையே பலர் உளர். தலைமையாசிரியர் இசைவு தரும் அயலூர் அரசுப் பள்ளிகளில், வாரத்திற்கு இரண்டு மணி நேரம் கணக்கும் அறிவியலும் கற்பிக்க முன்வாருங்கள். நம் தெலுங்கைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பின்னம் புரிந்தால் போதும். இசைவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தரலாம். முதற் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன்.