கதிரையும் பாயும்



அன்று பிரார்த்தனை மண்டபத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்த நாங்கள் இன்று கதிரை தேடுகிறோம். விழுந்துவிடுவோமோ என்ற பயம் எங்களில் பலருக்கு உண்டு.

ஒஸ்டியோபதி என்னும் கைமுறை வைத்தியத்தை 1874இல் தொடக்கியவர் அமெரிக்க வைத்தியர் அன்ட்ரூ ரெயிலர் ஸ்ரில். 1892இல் அவர் திறந்த கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டது. எங்களுக்குப் பிடித்த செய்தி! தசையையும் மூட்டையும் கையால் அழுத்தி, இழுத்து இளக்கும் இம்முறை நாரிப்பிடிப்புக்கு ஓரளவு சுகம் தரலாம். எலும்பு நலிந்தவர்கள் முதலில் தங்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

ஆனால், சமநிலையை எவர் கையும் தந்துவிடாது. குசினி மேசையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்போம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பிப் பழகுவோம். முற்றம் கூட்டுவதைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடாதிருப்போம்.

அடுத்த ஒன்றுகூடலுக்குப் பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறோம்.