குப்பையில் எழுந்த நகரம்

விவான் சுந்தரம் பரோடாவில் ஓவியம் பயின்றவர். அம்ரிதா ஷேர்கிலின் தங்கை மகன். 2023இல் காலமானார். 2008இல் அவர் நடத்திய 'ட்ராஷ்', அதாவது 'குப்பை' என்னும் தனிநபர்க் கண்காட்சியைப் பற்றியே இன்று பேசுகின்றேன். நான் அதை அச்சுப் படங்களில்தான் கண்டேன்.

டில்லியில் குப்பை பொறுக்குவோர் சேர்த்த கழிவுகளைத் தமது கலைக்கூடத் தரையில் பரப்பி, ஒரு நகரத்தையே அமைத்தார் சுந்தரம். பின்னர் அதை மேலிருந்து படம்பிடித்தார். எட்ட நின்று பார்த்தால் மாளிகை, வீதி, சதுக்கம். கிட்டப் போனால் தகரப்பேணி, பற்தூரிகை, பிளாஸ்டிக் கோப்பை. 'என்ன அழகு!' என்று சொல்லிவிட்ட பிறகுதான் எதைச் சொன்னோம் என்பது உறைக்கின்றது. குப்பையை அருவருப்பாகக் காட்டியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்போம்.

நமது வாவியும் கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்க அழகுதான். கரையில் இறங்கினால் அதே பேணி, அதே பொலித்தீன். எங்கோ செய்த பண்டம் இங்கே குப்பையாகின்றது. குப்பையே சரக்காகவும் வருகின்றது: 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியக் கழிவுகள் இருநூறுக்கும் மேற்பட்ட கொள்கலன்களில் கொழும்புக்கு வந்திறங்கின. அவற்றைத் திருப்பி அனுப்பி முடிக்க 2022 ஆயிற்று.

அந்த நகரத்துக்குப் பொருள் திரட்டித் தந்த கைகளைச் சுந்தரம் மறக்கவில்லை. 2005இல் எடுத்த சின்னஞ்சிறு காணொளி ஒன்றில், குப்பைமேட்டில் படுத்திருக்கும் சிறுவன் ஒருவன் மெல்ல எழுந்து மேலே உயர்கின்றான். அதற்கு அவர் இட்ட பெயர், 'மரியன் ஹுசைனின் குறுகிய விண்ணேற்றம்.'