மானியம் ஏக்கரைத் தேடிப் போகிறது: மிசிசிப்பியின் ஒரு கவுண்டி



கணினியோடு காலங்கழிப்பவனுக்கு வேளாண்மையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்திருப்பது ஒரு தரவுத்தளத்தைப் பற்றித்தான். நாம் செலுத்தும் வரியிலிருந்து அமெரிக்க உழவர்க்கு வழங்கப்படும் மானியம் எவர் பெயருக்கு, எவ்வளவு செல்கிறது என்னும் விவரங்களை அரசிடமிருந்து கேட்டுப் பெற்று, என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 2001-இல் இணையத்தில் ஏற்றியது. கவுண்டிவாரியாக அதில் தேடலாம்.

மிசிசிப்பி மாநிலத்தின் பொலிவர் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரை வண்டல் நிலம். நெல், சோயா, பருத்தி, மக்காச்சோளம் விளையும் பூமி. மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோர் 1887-இல் காடழித்து உருவாக்கிய மவுண்ட் பேயு என்னும் ஊரும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இம்மக்களுக்கும் மானியத்துக்கும் உள்ள தொலைவு பெரிது. ஏனெனில் மானியம் ஆளைப் பார்த்து வருவதன்று. நிலத்தைப் பார்த்து வருவது. முற்காலத்தில் குறிப்பிட்ட பயிர் விளைந்த பரப்பை 'அடிப்படை ஏக்கர்' எனப் பதிந்து, அந்தக் கணக்கின்மேல் பணம் தருகிறார்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தும்வரை, அந்தப் பயிரை விதைக்காவிட்டாலும் வந்துகொண்டிருந்த நேரடித் தொகை ஒன்றும் இருந்தது! ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. எனினும் கூட்டுப் பண்ணைகளில் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு. 2018-ஆம் ஆண்டுச் சட்டமோ பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளையும் குடும்பத்தினர் என்று சேர்த்துக்கொண்டது. விளைவு என்ன? 1995 முதல் 2021 வரை வழங்கிய பயிர் மானியத்தில் முக்கால் பங்குக்கும் மேல், பெறுவோரில் பத்தில் ஒரு பங்கினரிடமே சேர்ந்தது.

அப்படியானால் நிலம் எங்கே போயிற்று? 1933-இல் பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு பணம் கொடுத்தபோது, அது நில உரிமையாளர் கைக்கே சென்றது. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பின உழவர்களுக்கும் உள்ளூர் வேளாண் அலுவலகங்களில் கடன் மறுக்கப்பட்டது, அல்லது விதைப்புக் காலம் கடந்தபின் கொடுக்கப்பட்டது. 1920-இல் நாடெங்கும் ஏறத்தாழ 9,25,000 ஆக இருந்த கறுப்பின உழவர் எண்ணிக்கை 1997-இல் ஏறத்தாழ 18,000 ஆகச் சுருங்கியது.

1999-இல் பிக்ஃபோர்டு வழக்கின் உடன்பாட்டில் ஏறத்தாழ 100 கோடி டாலர் கிடைத்தது. 2010-இல் இரண்டாம் தவணையாக 125 கோடி டாலர். 2021-இல் அறிவித்த கடன் தள்ளுபடியை நீதிமன்றங்கள் தடுத்தன. அச்சட்டப்பிரிவே மறு ஆண்டு நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த திட்டத்தில், பாகுபாட்டுக்கு உள்ளானதாக விண்ணப்பித்த பல இனத்தவருமாக ஏறத்தாழ 43,000 பேர் 2024-இல் ஏறத்தாழ 200 கோடி டாலர் பெற்றனர். பணம் வந்தது, போன நிலம் வரவில்லை. நிலமில்லாதவருக்கு அடுத்த ஆண்டு மானியமும் இல்லை.

இளையோருக்கு ஒரு வேலை. பணம் பெற்றவர் பெயரையும் தொகையையும் இன்றும் கேட்டுப் பெறலாம். எந்த ஏக்கருக்காக என்று கேட்டால் மட்டும் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு கதவடைக்கும். உங்கள் மாநிலத்தில் ஒரு கவுண்டியைத் தேர்ந்தெடுங்கள். தொகைகளை இறங்கு வரிசையில் அடுக்கி, மேலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள். விடுமுறை நாளொன்றில் பெற்றோரும் அருகில் அமர்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் விடையோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.